ஆணிடம் ஓசையின்றித் தங்கும் டிரைக்கோமோனாஸ்: டெல்டாவில் இது ஏன் கண்ணில் படுவதில்லை?

காவிரி டெல்டாவில் ஓர் ஆணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் கண்டால், பழி முதலில் வெயிலின் மேல்தான் விழும். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார்கள். இளநீர், நீர்மோர், இரவில் ஊறவைத்த வெந்தயம், நெருஞ்சிமுள் கஷாயம், கால் பெருவிரல் நகத்தில் தடவும் சுண்ணாம்பு என்று வீட்டு வைத்தியம் தொடங்கிவிடும். இந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் வைகாசி, ஆனி வெயிலில் நாள் முழுதும் வயலில் நின்றுவிட்டு, குடிக்க வேண்டிய தண்ணீரில் பாதியைக்கூடக் குடிக்காதவருக்குச் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தருவதும், காலப்போக்கில் கல் சேர்வதும் நடப்பவைதான். வெறும் நீர்க்குறைவால் வந்த எரிச்சல் என்றால் நன்றாகத் தண்ணீர் குடித்த இரண்டொரு நாளில் அடங்கிவிடும்.

அப்படி அடங்காமல் வாரக்கணக்கில் நீளும் எரிச்சலுக்கும், காலையில் எழுந்ததும் சிறுநீர்த் துவாரத்தில் தெரியும் மெல்லிய வெண்கசிவுக்கும் வேறு காரணம் தேட வேண்டும். நீரிழிவு, சிறுநீரகக் கல், புரோஸ்டேட் அழற்சி, கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்றுகள் ஆகியவை மருத்துவர் மனத்தில் வரிசையாக வரும். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்னும் ஒட்டுண்ணி. பெரும்பாலும் விசாரணை அதுவரை போவதேயில்லை. இந்த நோயில் ஆண் நோயாளியாகத் தெரிவது அரிது. ஆனால் அவருக்கு மருந்து போய்ச் சேராதவரை அவருடைய மனைவிக்கு நோய் தீர்வதில்லை. டெல்டாவில் இந்தச் சிகிச்சைச் சங்கிலியின் கண்ணி எங்கே விட்டுப்போகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

1836-ஆம் ஆண்டு பாரிஸில் ஆல்ஃபிரட் டொன்னே என்ற மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் முதன்முதலாகக் கண்டு விவரித்த ஒற்றைச் செல் உயிரி இது. பருமனில் நம் இரத்தத்தின் வெள்ளை அணுவை ஒத்தது. முன்புறம் நான்கு கசையிழைகளும், உடலோடு ஒட்டிய சவ்வு ஒன்றின் ஓரமாக ஐந்தாவது இழையும் கொண்டு துள்ளித் துள்ளி நகரும். இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். மனிதரின் பிறப்புறுப்பு, சிறுநீர்ப் பாதை ஆகியவற்றை விட்டால் இதற்கு இயற்கையில் வேறு வீடு இல்லை. வயிற்றுக்கடுப்பு தரும் அமீபாவைப்போல் கெட்டியான உறை கட்டிக்கொண்டு வெளியே நாள்கணக்கில் காத்திருக்கும் திறனும் இதற்குக் கிடையாது. ஈரம் காய்ந்தால் செத்துவிடும். ஆகவே ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் செல்ல அது நம்பியிருப்பது உடலுறவை மட்டுமே என்று சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-இல் 15 முதல் 49 வயது வரையிலானவர்களிடையே ஏற்பட்ட புதிய டிரைக்கோமோனாஸ் தொற்றுகள் ஏறத்தாழ 15.6 கோடி. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் ஆகிய குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகளின் கூட்டுத்தொகையான 37.4 கோடியில் மிகப் பெரிய பங்கு இதனுடையதுதான். இவ்வளவு பரவலான ஒன்றின் பெயரைப் படித்தவர்களிலும் பலர் கேள்விப்பட்டதில்லை.

ஆணின் உடலில் இது தங்குமிடம் முதன்மையாகச் சிறுநீர்க்குழாய். சிலரிடம் புரோஸ்டேட் சுரப்பியையும் விரைமேல் நாளத்தையும் எட்டும். தொற்றிய 5 முதல் 28 நாள்களுக்குள் அறிகுறி தோன்றலாம் என்றாலும், பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றினாலும் குழாயின் உட்புறத்தில் ஓர் அரிப்பு, சிறுநீர் கழித்த பிறகோ விந்து வெளிப்பட்ட பிறகோ சற்று எரிச்சல், கொனோரியாவின் கெட்டியான சீழைப்போலன்றி நீர்த்த, அளவில் குறைந்த கசிவு என்று எல்லாமே மெலிதாக இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் தானாகவே மறைந்தும் விடுகிறது. புரோஸ்டேட் சுரப்பில் மிகுந்திருக்கும் துத்தநாகம் இந்த ஒட்டுண்ணிக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால் எல்லோரிடமும் அப்படி மறைவதில்லை. சிலரிடம் மாதக்கணக்கில் நிலைத்து, நாள்பட்ட சிறுநீர்க்குழாய் அழற்சியாகவும், புரோஸ்டேட் அழற்சியாகவும், விந்தணுக்களின் ஓட்டம் குறைவதாகவும் வெளிப்படக்கூடும். தொற்றுள்ள பெண்களின் ஆண் துணைவர்களைப் பரிசோதித்து 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அந்த ஆண்களில் பத்துக்கு ஏழு பேருக்குத் தொற்று இருந்தது. தொற்று இருந்தவர்களிலும் நான்கில் மூன்று பங்கினருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை இல்லாதவர் மருத்துவமனைப் படி ஏறுவதில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெண்ணிடம் நிலைமை வேறு. நுரைத்த, சில வேளை மஞ்சள் அல்லது பச்சை சாயலுள்ள வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அரிப்பு, உறவின்போது வலி என்று அவர் நேரடியாகத் துன்பப்படுகிறார். கர்ப்ப காலத்தில் இத்தொற்று இருந்தால் பனிக்குடம் முன்கூட்டி உடைவதும், குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைப் பெண்ணிடம் இது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. ஆணின் மெலிதான எரிச்சலைப் பொருட்படுத்தச் சொல்வதற்கு முதன்மையான காரணம் இவைதான். ஒருவருக்குச் சிறு தொல்லையாக முடிவது அவருக்கு அடுத்தவரிடம் பெரிய பாதிப்பாகிறது.

டெல்டாவின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் காலை ஒன்பது மணிவாக்கில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். உள்ளே வெள்ளைப்படுதல் என்று செவிலியரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பவர் மனைவி. அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட கணவர் வாசலுக்கு வெளியே, வண்டியின் மேல் சாய்ந்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவிக்குப் பச்சை நிறப் பொட்டலம் கிடைக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, பரிசோதனைக் கூடம் இல்லாத இடத்திலும் அறிகுறியை வைத்தே சிகிச்சை தர ஏதுவாக, ஒவ்வொரு அறிகுறித் தொகுப்புக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம் வகுத்தது. பச்சைப் பொட்டலத்தில் 2 கிராம் செக்னிடசோலும் 150 மில்லிகிராம் ஃபுளுகோனசோலும் இருக்கும். அவற்றில் செக்னிடசோல் டிரைக்கோமோனாஸைக் கொல்லும். மனைவிக்குச் சில நாள்களில் குணம் தெரியும். வெளியே நின்றவருக்கு ஒன்றும் தரப்படுவதில்லை. 2007-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறையிலேயே, பெண்ணுறுப்பு அழற்சிக்கு முதல் சிகிச்சையில் குணம் காணாவிட்டால்தான், அல்லது கணவருக்கும் அறிகுறி இருந்தால்தான், கணவருக்குச் சிகிச்சை என்று இருந்தது. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பான்மைக் காரணங்களான பூஞ்சைத் தொற்றும் பாக்டீரியா சமநிலைக் குலைவும் கணவருக்கு மருந்து கொடுப்பதைக் கட்டாயமாக்குவதில்லை. ஒவ்வொரு வெள்ளைப்படுதலுக்கும் கணவரைக் கூப்பிட்டால் வீட்டில் வீண் சந்தேகம் மூளும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் காரணம் டிரைக்கோமோனாஸாக இருக்கும் பெண்ணுக்கு அந்த விதிவிலக்கு ஒரு பொறியாகிவிடுகிறது. குணமாகி ஓரிரு மாதத்தில் மறுபடியும் தொல்லை வந்தால், மருந்து கேட்கவில்லை என்றும், தன் உடம்பு வாகு அப்படி என்றும், கர்ப்பப்பையில் கோளாறு என்றும் அவர் நினைத்துக்கொள்கிறார். முப்பது வயதைத் தாண்டியவராயின் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாமா என்று கேட்கும் அளவுக்கு அந்த வேதனை போய்விடுகிறது. பழைய தொற்று திரும்பியதா, மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்று ஆராய்வதற்கு முன், கணவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பதே சரியான முதல் கேள்வி.

அறிகுறியோடு நேரே வரும் ஆணுக்கும் முதல் சுற்றில் இந்தக் கிருமிக்கான மருந்து கிடைப்பதில்லை. சிறுநீர்த் துவாரக் கசிவு என்று வருபவருக்குத் தரப்படும் சாம்பல் நிறப் பொட்டலத்தில் 1 கிராம் அசித்ரோமைசினும் 400 மில்லிகிராம் செஃபிக்சிமும் உள்ளன. அவை கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் உரியவை. டிரைக்கோமோனாஸ் பாக்டீரியா அல்ல என்பதால் இரண்டும் அதைத் தொடுவதில்லை. கசிவும் எரிச்சலும் நீடித்தால் அடுத்த கட்டமாக 2 கிராம் செக்னிடசோல் தரலாம் என்று நெறிமுறையில் வழி உண்டு. அந்த வழி பயன்பட வேண்டுமானால் அவர் மறுபடி வர வேண்டும். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒருமுறை வந்து, மருந்து வாங்கி, குணம் காணாமல் போனவர் இரண்டாம் முறை அதே வாசலுக்கு வருவதைவிட மருந்துக் கடைக்குப் போவதே நடக்கிறது. கடையில் கொடுப்பதும் பெரும்பாலும் இன்னொரு பாக்டீரியா மருந்துதான்.

பரிசோதனைக் கூடத்தில் இது ஏன் தப்பிவிடுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். சிறுநீர்க்குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் டிரைக்கோமோனாஸைப் பிடிக்க அதற்கு நேர்மாறானது தேவை: காலையில் எழுந்ததும், அல்லது குறைந்தது ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்த பின், முதலில் வரும் 20, 30 மில்லி. அதை மையவிலக்குச் சுழற்சியில் இட்டு, அடியில் படியும் மண்டியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடி வில்லை போட்டு, உடனே நாற்பது மடங்கு வில்லையின் கீழ் பார்க்க வேண்டும். உடனே என்பதற்கு இங்கே எடுத்த பத்து நிமிடத்துக்குள் என்று பொருள். உயிரோடு இருக்கையில் அதன் துள்ளலே அடையாளம். ஒரே திசையில் நீந்தாமல் நடுங்கியும் உருண்டும் இழுத்தும் போவதை ஒருமுறை பார்த்த ஆய்வக நுட்பநர் மறக்க மாட்டார். மாதிரி ஆறிப்போய் அது அசைவற்றுவிட்டால் சீழ் அணுவிலிருந்து அதைப் பிரித்தறிவது மிகக் கடினம். இப்போது நம் ஊர் நடைமுறையை நினைத்துப் பாருங்கள். சிறு ஊரின் சேகரிப்பு மையத்தில் காலை ஏழு மணிக்கு வாங்கிய டப்பாக்களை ஒன்பது மணிக்கு ஒரு பையன் இருசக்கர வண்டியில் எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ வந்து சேர்ப்பான். அதற்குள் அசைவு நின்றுவிடும். அறிக்கையில் சீழ் அணுக்கள் எட்டு முதல் பத்து என்று வரும். அந்த எட்டில் இரண்டு டிரைக்கோமோனாஸாக இருக்கவும் கூடும்.

சீழ் அணு இருக்கிறதே என்று கல்ச்சர், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனை, போட்டால் அங்கும் ஏமாற்றமே. வழக்கமான கல்ச்சர் தட்டில் பாக்டீரியாதான் வளரும். டிரைக்கோமோனாஸ் வளரத் தனி ஊடகம் வேண்டும். ஆகவே வளர்ச்சி இல்லை என்று அறிக்கை வருகிறது. சீழ் அணு உண்டு, கிருமி இல்லை என்ற இந்த முரணைக் கண்டதும் சிறுநீரகக் காசநோயை நினைக்கும் மருத்துவர் சரியாகவே நினைக்கிறார். அதை விலக்கியாக வேண்டும். ஆனால் அதே மூச்சில், மனைவிக்கு வெள்ளைப்படுதல் உண்டா என்று கேட்டால் சில நோயாளிகளுக்குப் பல மாத அலைச்சல் மிச்சமாகும். இன்று உள்ள முறைகளில் மிகத் துல்லியமானது கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் மூலக்கூறுப் பரிசோதனை. முதல் சிறுநீரிலேயே செய்யலாம், கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெருநகர ஆய்வகங்களுக்கு அனுப்பித்தான் பலருக்கு அது சாத்தியம், விலையும் குறைவல்ல.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. ஆணின் உறுப்பில் ஒட்டுண்ணி என்றதும் இங்கே மூத்தவர்களுக்கு நினைவு வருவது யானைக்கால் நோய். ஒரு காலத்தில் கும்பகோணத்தின் பெயரோடு அந்த நோய் ஒட்டிக்கொண்டே இருந்தது. விரையில் நீர் கோத்து வீங்குவதும், சிறுநீர் பால் நிறத்தில் போவதும் அதன் விளைவுகள். அது கொசு கடித்துப் பரவும் புழு. கணவன் மனைவி உறவோடு அதற்குத் தொடர்பில்லை. வலியோடு திடீரென விரை வீங்கினால் அதை யானைக்கால் கணக்கில் எழுதிவிட்டு வீட்டிலிருப்பது சரியல்ல. பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். இளைஞராயின் விரை முறுக்கிக்கொண்ட அவசர நிலையாகவும் இருக்கலாம், அதில் சில மணி நேரமே அவகாசம். ஆணுறுப்பின் நுனித்தோலில் அரிப்பும் வெடிப்பும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது பூஞ்சை. நாற்பதைக் கடந்தவர் அப்போது முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

ஆற்றிலும் குளத்திலும் குளிப்பதால் இது வருமா என்று கேட்பவர்கள் உண்டு. குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் வெட்டாற்றிலும் ஊரே சேர்ந்து குளித்த பழக்கமுள்ள பூமியில் அந்தக் கேள்வி இயல்பானது. வராது. ஈரத் துணியில் சில மணி நேரம் இந்தக் கிருமி உயிர் தாங்கக்கூடும் என்றாலும், குளத்து நீர், பொதுக் கழிப்பறை, மற்றவர் துண்டு ஆகியவற்றால் பெரியவர்களுக்கு இது பரவுவதாகக் கொள்ள ஆதாரம் இல்லை. குளத்தின் மேல் பழிபோடுவது வீட்டில் அமைதியைக் காக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அமைதிக்கு விலை, கணவர் மருந்து சாப்பிடாமல் போவது.

வீட்டில் அமைதி குலையாமல் இதைப் பேச உண்மையான வழி ஒன்று நோயின் இயல்பிலேயே இருக்கிறது. பெண்ணிடம் இத்தொற்று அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட இருக்கலாம். ஆணிடமும் நெடுநாள் மறைந்திருக்கலாம். எனவே இன்று ஒருவரிடம் கண்டுபிடித்த தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. டெல்டாவில் ஏராளமான வீடுகளில் கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ திருப்பூரிலோ இருக்கிறார்; இரண்டு மாத விடுப்பில் வருகிறார். அவர் வந்த பிறகு மனைவிக்குத் தொல்லை தொடங்கினால் ஊர் ஒரு கதை கட்டும். அவருக்கே தொல்லை தொடங்கினால் வேறொரு கதை கட்டும். இரண்டுக்கும் மருத்துவத்தில் அடிப்படை இல்லை. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவர் உடலில் தங்கியிருந்த கிருமி இப்போது தலைகாட்டியிருக்கலாம். இதைச் சிகிச்சை தருபவரே இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னால், கணவர் மாத்திரையை மறுக்கும் காரணங்களில் பெரும்பாதி போய்விடும். மாத்திரை சாப்பிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சத்தால்தான் பலர் மறுக்கிறார்கள். மருந்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பொன்றும் இல்லை.

சிகிச்சை என்னவோ எளிது. 1950-களின் இறுதியில் பிரான்சில் உருவாக்கப்பட்ட மெட்ரோனிடசோல்தான் இன்றும் முதல் மருந்து. வயிற்றுக்கடுப்புக்கும் பேதிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் அதே மாத்திரை என்பதால் டெல்டாவில் இதன் பெயர் தெரியாத வீடு குறைவு. ஆணுக்கு 2 கிராம் ஒரே வேளையில். 400 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தால் ஐந்தையும் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்து விழுங்க வேண்டும். டினிடசோலும் 2 கிராம் ஒரே வேளையே. பெண்ணுக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை ஏழு நாள் கொடுப்பது ஒரே வேளையைவிட மேலான பலன் தருகிறது என்று ஆய்வில் தெரியவந்ததால், 2021-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் பரிந்துரையை அவ்வாறு மாற்றிக்கொண்டது. பேதிக்கு வாங்கிய இரண்டு மாத்திரை வீட்டில் மீந்திருக்கிறதே என்று அதை விழுங்குவது பயன்படாது, அளவு போதாது. மாத்திரைக்குப் பின் வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் ஓரிரு நாள் இருக்கும். சிறுநீர் சற்றுக் கருத்துப் போவதும் உண்டு. அதைக் கண்டு பயந்து ஏழு நாள் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு மது கூடாது என்ற எச்சரிக்கைக்கு அடிப்படை வலுவானதல்ல என்று அண்மைய ஆய்வுகள் கூறினாலும், இங்குள்ள மருத்துவர்கள் அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். குடிக்காத நாள் வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. மாத்திரையை அன்றே சாப்பிட்டுவிட்டு, அதன்பின் இரண்டு மூன்று நாள் மதுவை விட்டுவிட வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே காலத்தில் மருந்தை முடித்து, தொல்லை முற்றிலும் நின்று, குறைந்தது ஒரு வாரம் ஆகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் இன்றும் மற்றவர் அடுத்த மாதமும் சாப்பிடுவது சாப்பிடாததற்குச் சமம்.

பேருந்து நிலையச் சுவர்களில் ஆண்மை, நரம்புத் தளர்ச்சி, வெட்டைச் சூடு என்று ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. மாதம் ஒருநாள் விடுதி அறையில் உட்கார்ந்து லேகியம் விற்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து, ஐந்து மாத்திரையில் தீர வேண்டிய நோயோடு ஒரு வருடம் அலைகிற ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களை அங்கே தள்ளுவது அறியாமை மட்டுமல்ல. அரசு மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமே அதைவிடப் பெரியது.

அந்தப் பயத்துக்கு ஓரளவு விடை ஏற்கெனவே இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உட்பட மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையமும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையமும் கட்டணமின்றி இயங்குகின்றன. சொல்வது வெளியே போகாது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர் 1097 என்ற தேசிய இலவச எண்ணை அழைத்துப் பெயர் சொல்லாமலே விசாரிக்கலாம். போகும்போது காலையில் சிறுநீர் கழிக்காமல் போவது நல்லது. எத்தனை நாளாக எரிச்சல், கசிவு உண்டா, இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டார், மனைவிக்கு வெள்ளைப்படுதல் உண்டா, அவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்ற ஐந்தையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமே சொல்லிவிட வேண்டும். ஒரு பால்வினைத் தொற்று இருப்பவருக்கு இன்னொன்றும் இருக்கக்கூடும் என்பதால் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளையும் அன்றே முடித்துக்கொள்வது முறை. மனைவி கர்ப்பமாக இருந்தாலும் மெட்ரோனிடசோல் தரலாம். மருத்துவர் சொல்லும் அளவில். சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் மனைவிக்கு மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவருக்குத் தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும். அந்தச் சோதனையில் மறுபடி தொற்று தெரிந்தால் இருவருக்குமே சேர்த்து மருந்து தொடங்கப்படும்.